குடிப்பழக்கம் உள்ள அப்பாவுக்கு ஐசியூவில் ஏன் லோரசெபாம்?

விபத்தில் அடிபட்டு ஐசியூவில் இருக்கும் அப்பா மூன்றாம் நாள் போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்குகிறார், டாக்டர்கள் லோரசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள், எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

தினமும் குடிப்பவரின் மூளை, மது தன்னை மந்தமாக்குவதை ஈடுகட்ட எப்போதும் முறுக்கேறியே இருக்கும். குடி திடீரென நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். அதன் பிறகு வருவதுதான் இந்தக் குழப்பம். உயிருக்கே ஆபத்தானது.

மூளையின் பரபரப்பை அடக்கும் காபா ஏற்பிகள் என்ற இடங்களில்தான் மது வேலை செய்தது. அதே இடங்களில்தான் லோரசெபாமும், அதே வகை மருந்தான டயசெபாமும் வேலை செய்கின்றன. அதனால்தான் முதலில் அவை. கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம் நல்லது. அடங்காவிட்டால் பீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்தைத் தருவார்கள். டெக்ஸ்மெடெடோமிடின் என்ற இன்னொரு அமைதிப்படுத்தும் மருந்து படபடப்பைத் தணிக்கும், ஆனால் வலிப்பைத் தடுக்காது. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

அப்புறம் தயமின், அதாவது வைட்டமின் பி1. இதை ஊசியாகவே போட வேண்டும், முடிந்தால் குளுக்கோஸ் ஏற்றும் முன்பே. இது தவறினால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடலாம்.

அப்பா தினம் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய அது மிகவும் உதவும்.