பழைய ஃபைபர் படகுக்குப் புது எஞ்சின் மாட்டலாமா?

அமெரிக்காவில் 1985 வாக்கில் செய்த 16 அடி ஃபைபர் படகு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே தொங்கும் எஞ்சின்) மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டலாம். ஆனால் முதலில் எஞ்சின் தொங்கும் பின்பலகையைப் பாருங்கள். வெளியே ஃபைபர், உள்ளே பெரும்பாலும் பிளைவுட்தான். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, மரம் வெளியே தெரியாமல் மக்கியிருக்கும். சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக்' என்னும். மக்கிய இடம் 'பொத்'தென்று கேட்கும். சந்தேகமா? உள்பக்கம் சின்னதாக ஒரு துளை போடுங்கள். காய்ந்த வெளிர் தூள் வந்தால் சரி, எபாக்ஸி பசை வைத்துத் துளையை அடைத்துவிடலாம். கறுத்த ஈரப் பிசிறு வந்தால் மரத்தையே மாற்ற வேண்டும். மேலே பெயின்ட் அடித்து மறைப்பது தண்டச்செலவு.

அப்புறம் எடை. அதே குதிரைத்திறனுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் பெரும்பாலும் கனம் கூடியது. படகின் பின்புறம் தாழும். அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் செய்த, 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எடை, குதிரைத்திறன் வரம்பு எழுதிய தகடு இருக்கும். அதைத் தாண்டாதீர்கள்.

பழைய பெட்ரோல் குழாயையும் கையோடு மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் கால ரப்பர் தாங்காது.