எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் ஆபத்து எப்போது வருகிறது? கேள்வி பதில்

அம்மாவுக்கு 52 வயது, பிஎம்ஐ 41, சர்க்கரையும் உண்டு. ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன்) செய்யச் சொல்கிறார்கள். ஆபரேஷன் டேபிளிலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம் டாக்டர்.

பயம் புரிகிறது. ஆனால் டேபிளில் உயிர் போவது மிக மிக அரிது. அனுபவமுள்ள மையங்களில் முதல் 30 நாள் இறப்பு, ஆயிரம் பேருக்கு ஒன்று முதல் மூன்று வரைதான். நீங்கள் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டியது வீடு திரும்பிய பிறகு. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது இதில் முக்கியமான ஆபத்து. அதனால்தான் அன்றைக்கே நடக்க வைக்கிறார்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி போடுகிறார்கள். சிலருக்கு வீட்டிலும் 2 முதல் 4 வாரம் ஊசி தொடரும். வலிக்கிறது என்று பாதியில் நிறுத்த விடாதீர்கள்.

இன்னொன்று: அம்மா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையின் பெயர் 'ஃப்ளோசின்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அதை 3, 4 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம்.

தையல் கசிவு என்கிறார்களே, அதை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஸ்டேப்ளரால் குழாய் போல மூடுகிறார்கள். பெரும்பாலும் கசிவது அந்தக் கோட்டின் மேல் முனையில், உணவுக்குழாய் சேரும் இடத்துக்கு அருகே. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, குழாய்க்குள் அழுத்தம் அதிகம். நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்கு இது நேரலாம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள்.

வயிற்று வலியையும் காய்ச்சலையும் மட்டும் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். உடல் பருமனானவர்களுக்கு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். முதலில் காட்டிக்கொடுப்பது நாடித்துடிப்பு. சும்மா படுத்திருக்கும்போதே 120-ஐத் தாண்டி அப்படியே நின்றால், இடது தோளில் வலி, மூச்சு வாங்கல், இனம் புரியாத பதற்றம் இருந்தால், நள்ளிரவானாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். வாயு என்று சொல்லி நேரம் கடத்துவதுதான் உயிருக்கு உலை வைக்கிறது.

எனக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல். ஸ்லீவா, பைபாஸா?

கடுமையான எதுக்களிப்பு இருந்தால் என் பரிந்துரை பைபாஸ்தான் (இரைப்பையைச் சிறு பையாக்கி, அதைக் குடலோடு நேரே இணைப்பது). ஸ்லீவுக்குப் பிறகு எதுக்களிப்பு பலருக்குக் கூடுகிறது, இல்லாதவர்களுக்குப் புதிதாகவும் வருகிறது. முடிவெடுக்கும் முன் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது.

ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். பத்து நாளாக எது சாப்பிட்டாலும் வாந்தி. பழகிவிடும் என்கிறார்கள்.

இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இந்தக் காலகட்டத்தில் இரைப்பைப் பாதை சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாக பலூன் வைத்து விரிக்கலாம். அதைவிட அவசரமானது தயமின் என்ற பி1 வைட்டமின். உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், ஞாபகம் குழம்பும். மூளையில் நிரந்தரச் சேதம் ஆகலாம். டிரிப்ஸ் ஏற்றும்போது குளூக்கோஸுக்கு முன்பே தயமின் போக வேண்டும். "எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர், பத்து நாளாக வாந்தி" என்று போனவுடனே சொல்லுங்கள்.

சத்து மாத்திரையை எத்தனை வருடம் சாப்பிட வேண்டும்? ஒரு வருடம் ஆகிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஆயுள் முழுக்க. கல்லீரலில் பி12 பல வருடத்துக்குச் சேமிப்பில் இருக்கும். அதனால் குறைபாடு சத்தமில்லாமல், தாமதமாக வரும். கை கால் மரத்துப்போன பிறகு தொடங்கினால் நரம்பு முழுதாகத் தேறாமலும் போகலாம். கால்சியம் சிட்ரேட் வடிவத்தில் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 500, 600-க்கு மேல் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்; ஒன்றாகப் போட்டால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை அவசியம்.

குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?

12 முதல் 18 மாதம் பொறுங்கள். எடை இறங்கும்போது கரு தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராத வேகத்தில் கூடும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்; சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். காப்பர் டி போன்றவை மேல்.

பைபாஸ் செய்து மூன்று வருடம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடலாமா?

கூடாது. இரைப்பையும் குடலும் இணைத்த இடத்தில் புண் வந்து ரத்தம் கசியும், ஓட்டைகூட விழும். புகைபிடிப்பவர்களுக்கு இரட்டிப்பு எச்சரிக்கை. பாராசிட்டமால் போடலாம்.

அதே பைபாஸ். அவ்வப்போது சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்து இழுக்கிறது, பிறகு தானே விட்டுவிடுகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை.

விட்டுவிடாதீர்கள். நன்றாக இளைத்த பிறகு, உள்ளே கொழுப்பு கரைந்த இடைவெளியில் குடல் நுழைந்து சிக்கி, மறுபடி வெளியே வருவதுண்டு. வலி இல்லாத நேரத்து சிடி ஸ்கேனில் அது தெரியாமல் போகலாம். திரும்பத் திரும்ப வந்தால் லேப்ராஸ்கோப் வைத்துப் பார்த்து இடைவெளியைத் தைத்துவிடுவதே பாதுகாப்பு. வலி விடாமல் நின்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கையில் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கட்டும். அங்குள்ள மருத்துவருக்கு உங்கள் குடல் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.