கத்தோலிக்க ஆடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

முந்தைய பதில் ஒன்றில் ‘சொந்த சபையின் தலைகளை எண்ணிய டச்சுச் சாமியார்’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். பெயர்கூடச் சொல்லவில்லை. யார் அவர்? சாமியாரே தன் மதத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தால் அதை எப்படி நம்புவது? நெதர்லாந்தில் கோயில்கள் காலியானதற்கே இப்படிப்பட்ட முற்போக்குச் சாமியார்கள்தான் காரணம் என்று எங்கள் பங்குக் கோயிலில் ஒரு பெரியவர் அடித்துச் சொல்கிறார்.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

வால்டர் கொடைன். பெயரை விட்டது என் சோம்பல். 1921இல் பிறந்தார், 2007இல் மறைந்தார். பிரான்சிஸ்கன் சபைத் துறவி. பிற்பாடு நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் சமூகவியல் பேராசிரியர்.

அவர் கதையை ஆட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கால நெதர்லாந்தில் கத்தோலிக்கர்களுக்கென்று தனியாக ஆடு வளர்ப்போர் சங்கம் இருந்தது. டச்சுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிற விஷயம் அது. 1917இல் மதப் பள்ளிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கு இணையான மானியம் என்று முடிவானது. பள்ளி மட்டுமா, பத்திரிகை, தொழிற்சங்கம், மருத்துவமனை, கால்பந்து எல்லாமே ஆளுக்கொன்று. வானொலியில் கத்தோலிக்கருக்குக் கே.ஆர்.ஓ., சீர்திருத்த சபையாருக்கு, அதாவது புராட்டஸ்டண்ட்காரர்களுக்கு, என்.சி.ஆர்.வி., சோஷலிஸ்டுகளுக்கு வாரா. ஒவ்வொரு கூட்டமும் ஒரு தூண், மேலே கூரை மட்டும் பொது என்பார்கள். 1954இல் ஆயர்கள் (பிஷப்புகள்) ஒரு சுற்றுமடல் விட்டார்கள்: சோஷலிஸ்ட் சங்கத்தில் சேர்ந்தாலோ, வாரா நிகழ்ச்சிகளை வழக்கமாகக் கேட்டாலோ பூசையில் நற்கருணை கிடையாது, மனந்திரும்பாமல் செத்தால் கோயில் அடக்கமும் கிடையாது. வானொலிப் பெட்டியின் முள்ளை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பது மோட்ச விவகாரமாக இருந்தது.

அதற்கு மூன்று வருஷம் கழித்து கொடைனின் முனைவர் பட்ட ஆய்வு நூலாக வந்தது. ஃப்ரீஸ்லாந்து, வடக்கே, சீர்திருத்த சபையார் கை ஓங்கிய மாகாணம். அங்கே சிறுபான்மையாக வாழும் கத்தோலிக்கர்களிடம் பழைய பகை எப்படி இன்னும் மிச்சமிருக்கிறது என்று பார்த்தார். எனக்குப் பிடித்த கொடைன் இவர்தான். ஜெபிப்பதை மட்டுமல்ல, யாரோடு சேருவது, யாரைத் தள்ளிவைப்பது என்பதையும் மதம் என்று எடுத்துக்கொண்டவர்.

அவருக்கு முன்னோடி யா. பி. க்ரௌட் என்ற சமூகவியலாளர். எந்தச் சபையையும் சேராதவர்களைப் பற்றி 1933இலேயே புத்தகம் போட்டவர். மக்கள்தொகைக் கணக்கில் அப்படிப்பட்டவர்கள் 1879இல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1930இல் பதினான்கு பேர். பறிபோனதெல்லாம் பெரும்பாலும் பெரிய சீர்திருத்த சபையின் ஆட்கள்: பாதிக்கு மேல் இருந்த சபை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த ஐம்பது வருஷமும் கத்தோலிக்கர்கள் முப்பத்தைந்து, முப்பத்தாறு சதவீதத்திலேயே நின்றார்கள். 1962இல் க்ரௌட்டும் கொடைனும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள், தூண்கள் எப்படி எழும்பின, எப்படி உதிர்கின்றன என்று.

நம்பலாமா என்கிறீர்கள். டச்சுக் கத்தோலிக்கர்கள் 1946இலேயே காஸ்கி என்று தங்களுக்கென ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். 1966இல் ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு அறுபத்துநான்கு என்று எண்ணியதும், பிறகு வருஷாவருஷம் சரிந்ததை எழுதிவைத்ததும் வெளியாட்கள் அல்ல, அவர்களே. தனக்குச் சாதகமில்லாத கணக்கை ஒருவன் வெளியே காட்டினால் நான் நம்புவேன்.

கணக்கோடு கொடைன் நிற்கவில்லை. 1966 முதல் 1970 வரை டச்சுத் திருச்சபை தன் போக்கைப் பற்றிப் பேச ஒரு மேய்ப்புப்பணிப் பேரவை நடத்தியது. அதன் பொதுச்செயலர் அவர். நோர்ட்வைக்கர்ஹவுட் என்ற ஊரில் கர்தினால் ஆல்ஃப்ரிங்க் உட்பட ஆயர்களோடு சாமியார்கள், கன்னியர்கள், இல்லறத்தார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். 1970 ஜனவரியில் குருக்களுக்குக் கட்டாய மணத்துறவு வேண்டாம் என்று பெரும்பான்மை சொன்னது. ஆயர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ரோம் ஒப்புக்கொள்ளவில்லை, அடுத்தடுத்து ரோட்டர்டாமுக்கும் ரூர்மாண்டுக்கும் பழமைப்பிடிப்புள்ள ஆயர்களை நியமித்தது. 1973இல் கொடைன் எழுதிய புத்தகத்தின் துணைத்தலைப்பே ‘தள்ளிப்போடப்பட்ட புரட்சி’ என்ற பொருள்பட வரும்.

இங்கேதான் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. ரோம் பிடியை விட்டிருந்தால் திருச்சபை பிழைத்திருக்கும் என்ற தொனி அதில் இருக்கிறது. உங்கள் பெரியவரோ கொடைன் பிடியை விட்டதால் போச்சு என்கிறார். இரண்டு பேருமே மேலே இருக்கிற யாரோ செய்ததுதான் என்று நினைக்கிறார்கள். ஃப்ரீஸ்லாந்தைப் பார்த்த மனிதர் இதில் எப்படி ஏமாந்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. 1951இல் தொலைக்காட்சி வந்தது. 1964 வரை ஒரே அலைவரிசைதான். வானொலியில் தொடக்கூடாத வாராவின் நிகழ்ச்சி, கே.ஆர்.ஓ.வுக்கு அடுத்ததாக அதே திரையில் வந்தது. எழுந்துபோய் அணைக்க எத்தனை பேருக்கு மனசு வந்திருக்கும்? 1965இல் ஏழைக்கு அரசு உதவி உரிமை என்று சட்டம் வந்தது. அரிசி பருப்புக்காகப் பங்குச் சாமியார் முகம் பார்க்க வேண்டியதில்லை என்று நம் ஊர்ப் பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள். வேலி நாலாபக்கமும் சரிந்துகொண்டிருக்கும்போது கேட்டைத் திறந்தவனைப் பிடித்து என்ன பயன்?

பெரியவரிடம் ஒன்று கேளுங்கள். போப்பும் இல்லாமல், கொடைனும் இல்லாமல் இருந்த அந்த சீர்திருத்த சபை ஏன் முதலில் கரைந்தது? என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.