லேப்ரடாருக்கு டி4 குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, தைராய்டு மாத்திரையைத் தொடங்கலாமா?

ஆறு வயது, சாப்பாட்டைக் குறைத்தும் எடை ஏறுகிறது, சோர்ந்தே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டி4 என்பது தைராய்டு சுரப்பி சுரக்கும் ஹார்மோன், அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். எங்கள் வீட்டு லேப்ரடார் மணிக்கும் தைராய்டு குறைபாடுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேறு நோய் இருந்தாலும் நாய்க்கு டி4 இறங்கும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். அதிலும் நாய் சுருண்டுதான் படுக்கும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, வலிப்புக்குத் தரும் பினோபார்பிட்டால், சல்ஃபா மருந்துகள் எல்லாம்கூட அளவை இறக்கிவிடும். அதனால் டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் டி4) இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டி4 குறைந்து டிஎஸ்எச் ஏறியிருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. ஏறாவிட்டால் நோயே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொலஸ்ட்ராலையும் பாருங்கள், இந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கூடியிருக்கும்.

ரிப்போர்ட்டோடு நாயையும் கவனியுங்கள். மணிக்கு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி மெலிந்தது, வால் எலிவாலாகிவிட்டது, ஆனால் சொறியவே இல்லை. சித்திரை மாதத்தில், மற்ற நாய்கள் நிழல் தேடும் நேரத்தில், அவன் வெயில் விழும் படிக்கட்டாகப் பார்த்துப் போய்ப் படுப்பான். உடம்பில் சூடு உற்பத்தி குறைவதால் வரும் குளிர் அது.

உறுதியானால் லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரைதான் மருந்து, ஆயுளுக்கும். பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியை அழித்துவிடுகிறது, அது திரும்ப வளராது. அளவைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். வழக்கமாகக் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், தினம் இரண்டு வேளை. 30 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கே 600. மெடிக்கலில் சீட்டை நீட்டினால் "மனுஷனுக்கே இவ்வளவு கிடையாதே சார்" என்பார்கள். உண்மைதான், பெரியவர்கள் பலருக்கு நாளைக்கு 100 போதும். நாயின் குடல் இதைக் குறைவாகவே உறிஞ்சும், உடம்பும் சீக்கிரம் வெளியேற்றிவிடும். கடைக்காரர் பேச்சைக் கேட்டு நீங்களாகக் குறைக்க வேண்டாம். இதய நோயோ சர்க்கரையோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், குறைந்த அளவில் தொடங்குவார்.

வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது. சாப்பாட்டோடுதான் விழுங்கும் என்றால் தினமும் அப்படியே கொடுங்கள், மாற்றி மாற்றி வேண்டாம். 4 முதல் 8 வாரத்துக்குள், மாத்திரை போட்ட 4-6 மணி நேரத்தில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். பரபரப்பு, ஓயாத மூச்சிரைப்பு, அதிகத் தாகம் வந்தால் அளவு கூடிவிட்டதா என்று உடனே கேளுங்கள்.

சுறுசுறுப்பு ஓரிரு வாரத்திலேயே தெரியும். முடிக்கு மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் ஒன்று, ஆரம்பத்தில் பழைய முடி கொத்துக்கொத்தாகக் கூடுதலாகவே கொட்டலாம். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.