மச்சான் பேசிய நெல் வியாபாரம் உங்களைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி வாசகர்): நான் கொழும்பில் நின்ற நேரம், என்னைக் கேட்காமலே மச்சான் எனது பெரும்போக நெல்லில் 200 மூடையைச் சம்மாந்துறை மில்காரர் ஒருவருக்கு விற்பதாக எழுதிக் கொடுத்து, முற்பணத்தை என் கணக்கில் போட்டுவிட்டார். இப்போது விலை ஏறிவிட்டது. நான் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் அந்த முற்பணத்தைத் தொடாதீர்கள். விஷயம் தெரிந்த பிறகும் காசை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால், வியாபாரத்தை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதக்கூடும். கையெழுத்தே தேவையில்லை, நடத்தை போதும்.

மச்சான் முன்பும் உங்கள் நெல்லை இதே மில்காரருக்குப் பேசி விற்று, நீங்களும் மறுபேச்சில்லாமல் ஏற்றி அனுப்பியிருக்கிறீர்களா? அப்படியென்றால் தப்புவது கடினம். அவருக்கு அதிகாரம் உண்டென்று மில்காரர் நம்ப நீங்களே இடம் கொடுத்தவராகிறீர்கள்.

இதுதான் முதல் தடவை என்றால் முடிவு உங்கள் கையில். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டப்படி, முதல்வர் (யாருக்காக வியாபாரம் பேசப்படுகிறதோ அவர், இங்கே நீங்கள்), முகவர் (அவருக்காகப் பேசுபவர், இங்கே மச்சான்) விடயங்களில் நமது சட்டத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் ஆங்கிலச் சட்டமே பொருந்தும். அதன்படி, அதிகாரமில்லாமல் உங்கள் பெயரில் செய்ததை நீங்கள் பிறகு ஏற்கலாம். ஏற்றால் மச்சான் எழுதிய நாளிலிருந்தே, அவர் பேசிய விலைக்கே கட்டுப்படுவீர்கள். முற்பணம் வேண்டும், விலை மட்டும் வேண்டாம் என்று பிரிக்க முடியாது. சந்தை எப்படிப் போகிறதென்று பார்த்துக்கொண்டு இழுத்தடிக்கவும் முடியாது.

எழுத்தின் பிரதியையும் வாங்கிப் பாருங்கள். மச்சான் தன் சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தால் உங்களால் ஏற்கவே முடியாது. இங்கிலாந்தில் ஒரு முகவர், சொன்ன விலையைத் தாண்டிக் கோதுமையைத் தன் பெயரில் வாங்கினார். முதல்வர் முதலில் சரியென்று சொல்லிவிட்டுப் பிறகு மறுத்தார். அவர் கட்டுப்பட்டவரல்ல என்று 1901இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்தது. (வயலையே விற்பதாக எழுதியிருந்தால் கதை வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி காணி விற்பனைக்கு நொத்தாரிசு முன் எழுதிய உறுதி வேண்டும்.)

மறுப்பதென்றால் ஒன்றை யோசியுங்கள். இல்லாத அதிகாரத்தை உண்டென்று காட்டியதற்காக, மில்காரர் மச்சானிடம் நட்டஈடு கேட்கலாம். நல்லெண்ணத்தில் செய்தேன் என்றாலும் அவர் தப்ப முடியாது. விலை வித்தியாசம் சிறியதென்றால் ஏற்றுக்கொள்வதே குடும்பத்துக்கு நல்லது என்பது என் எண்ணம். பெரியதென்றால் மச்சானோடு பேசிவிட்டு, மறுப்பைப் பதிவுத் தபாலில் மில்காரருக்கு அனுப்பி, முற்பணத்தை வங்கி வழியாகவே திருப்புங்கள். அதற்கு முன் லொறி வந்தால் ஒரு மூடைகூட ஏற்ற விடாதீர்கள்.