அனகின் கெட்டதற்கு யார் பொறுப்பு?

ஸ்டார் வார்ஸ் படங்களின் நாயகன் அனகின் வில்லனாகக் கெட்டுப்போனதற்கு, அவனை வளர்த்த ஜெடாய் வீரர்களின் தலைமைச் சபைதான் காரணம் என்று கல்லூரி விவாதத்தில் பேச வேண்டும், எதிரணியை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். சபை மேல் பெரிய தவறு உண்டு. ஒன்பது வயதுப் பையனை அழைத்து வந்தவர்கள், அடிமையாகவே விட்டுவந்த அவன் அம்மாவைப் பத்து வருடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் 2005 படத்தில் நெருங்கியவர் சாவதாகக் கெட்ட கனவு கண்டு அனகின் சபையின் மூத்த குரு யோடாவிடம் போனால், இழக்கப் பயப்படுவதையெல்லாம் விட்டுவிடப் பழகு என்கிறார். பயந்து நிற்பவனிடம் சொல்கிற பேச்சா அது? அவனைத் தீய பக்கம் இழுத்த வில்லன் பால்பட்டீன் அந்த இடத்தில்தான் நுழைந்தான். இதை அழுத்திப் பேசுங்கள். ஆனால் முழுப் பழியையும் சபை தலையில் கட்டாதீர்கள், ஜெடாய் கோயிலில் பயிற்சி பெறும் ஒரு சிறுவன் 'மாஸ்டர், இப்போது என்ன செய்வது?' என்று நம்பிக் கேட்கும்போது பதிலாக அவனைக் கொல்ல ஒளிவாளை எடுத்தது அனகின் கைதான். எதிரணி அந்தக் காட்சியைத்தான் பிடிப்பார்கள், நீங்களே முந்திக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.