படலைக்கு வெளியே நிற்கும் பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாண நகரத்தில் நடக்கிற கதை. கதாநாயகி பல்கலைக்கழக மாணவி, 22 வயது. ஓர் இரவு இரத்தம் குடிக்கிற வாம்பயர் ஒன்று கடித்து அவளும் வாம்பயர் ஆகிவிடுகிறாள். இது வெள்ளைக்காரரின் பேய், எங்கள் ஊருக்கு ஒட்டாது என்று தோழிகள் சொல்கிறார்கள். விட்டுவிடவா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. கோரைப்பல்லும் கறுப்பு அங்கியும் வெளியிலிருந்து வந்தவைதான், ஆனால் அடங்காத பசியோடு ஊருக்குள் அலைகிற பெண் எங்களுக்குப் புதியவளா? மணிமேகலையில் வரும் காயசண்டிகையை எடுத்துப் பாருங்கள். ஒரு முனிவர் வைத்திருந்த நாவற்பழத்தைத் தெரியாமல் மிதித்துவிட்டாள், அவ்வளவுதான், 12 வருடத்துக்கு யானைத்தீ என்ற நோய், எவ்வளவு தின்றாலும் ஆறாத பசி. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு போட்ட பிறகுதான் அது அவிகிறது. அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று பலரும் சொல்வார்கள். அப்படியென்றால் உங்கள் கதாநாயகியின் பசிக்கு மருந்து, குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது! அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யோசியுங்கள்.

எனக்கு அந்தக் கதையில் மனதை விட்டுப் போகாதது அதன் பிறகு வருவது. பசி தீர்ந்தும் அவள் வீடு போய்ச் சேரவில்லை. வானத்தால் ஊர் திரும்பும்போது விந்திய மலையைக் காக்கிற விந்தாகடிகை அவளை விழுங்கிவிடுகிறாள். இது தெரியாமல் புருஷன் காஞ்சனன் அவளைத் தேடிக்கொண்டு வருகிறான்.

இன்னொன்று. காரைக்கால் அம்மையார் பேய் உருவத்தை இறைவனிடம் கேட்டு வாங்கினார். காயசண்டிகைக்கு அது சாபமாக வந்தது. உங்கள் பிள்ளை கேட்கவும் இல்லை, ஒருவரையும் மிதிக்கவும் இல்லை, எவனோ ஒருவன் இருட்டில் வந்து அவள் உடம்பை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கோபத்தைக் கடைசிப் பக்கம் வரை இறக்கி வைக்காதீர்கள். கடித்தவனையே காதலன் ஆக்கி முடிக்கிற கதைகள் நிறைய வந்துவிட்டன, எனக்கு அவற்றில் துளியும் விருப்பம் இல்லை.

கேள்வி: அப்படியென்றால் அவள் மாறிய முதல் சில நாட்களை எப்படி எழுதலாம்? அங்கேதான் நிற்கிறேன்.
(அதே வாசகி)

பதில்: குசினியிலிருந்து தொடங்குங்கள். வாம்பயருக்கு உள்ளி ஆகாது என்பது ஐரோப்பிய நம்பிக்கை. எங்கள் வீட்டில் உள்ளி போடாத ரசம் உண்டா? தடிமன் காய்ச்சல் என்றால் அம்மா முதலில் செய்வதே அதுதான். பிள்ளை முகம் வெளிறிப் போய்ப் படுத்திருக்கிறாள், அம்மா கோப்பையோடு பக்கத்தில் வந்து குந்துகிறா, அந்த மணத்திலேயே அவளுக்குத் தொண்டை எரிகிறது, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. ஒரு அத்தியாயத்துக்கு இது போதும்.

இரத்தத்தையும் எடுத்த எடுப்பில் மனிதக் கழுத்தில் தேடாதீர்கள். பங்குக்கு ஆடு அடிக்கிற நாளில் இரத்த வறை செய்கிற ஊர் இது. சின்ன வயதில் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாள், இப்போது சமைக்காமல் சட்டியில் கிடக்கிற இரத்தத்தின் முன்னால் தனியாக நிற்கிறாள். அப்புறம் காலத்தைப் பாருங்கள், கதையை நல்லூர்த் திருவிழாவில் வையுங்கள். கொடியேறினால் தீர்த்தம் வரை 25 நாள், எத்தனையோ வீடுகளில் மச்சம் மாமிசம் இல்லை, சட்டி பானையே வேறு. ஊரே விரதம் இருக்கிறபோது அவளுக்கு மட்டும் இந்தப் பசி. பூங்காவனத்தன்று சனத்துக்குள் நின்றால் எத்தனை நாடித்துடிப்பு காதில் விழும் என்று நினைத்துப் பாருங்கள், நான் நினைத்தேன், இரவு நித்திரை வரவில்லை.

இனி வாசல். 1897இல் வந்த ‘டிராகுலா’ என்ற வாம்பயர் நாவலிலேயே இந்த விதி இருக்கிறது, வீட்டில் உள்ள ஒருவர் அழைக்காமல் வாம்பயர் முதல் தடவை உள்ளே வர முடியாது. மற்ற ஊர்களில் இது அந்நியன் வீட்டுக்குள் நுழைகிற பயம். நீங்கள் அதை அவளுடைய சொந்த வீட்டுக்கு வைத்துப் பாருங்கள். இரண்டு இரவு காணாமல் போய், மூன்றாம் இரவு வருகிறாள். படலையைத் திறக்கக் கை வருகுதில்லை. நாய் குரைக்கிறது. உள்ளே வெளிச்சம் எரிகிறது, ஒருவரும் படுக்கவில்லை. தன் வீட்டுக்குள் போக அவளுக்கே அழைப்பு வேண்டும், அதை வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. அம்மா வந்து “என்ன பிள்ளை அதில நிக்கிறாய், உள்ளுக்கு வா” என்று சொன்னால் போதும். சொல்லுவாவா, எப்போது சொல்லுவா, என்ன வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் சொல்லுவாவா? உங்கள் நாவல் இந்தப் படலையடியில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இதை எழுதும்போது ஒன்றை மறக்க வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய தாய்மார் வருடக்கணக்காகத் தெருவோரம் இருந்தார்கள். எந்த உருவத்தில் என்றாலும் வந்தால் போதும் என்று காத்திருக்கிற வீடுகள் இங்கே உண்டு. அந்த வீடுகளில் உள்ளவர்களும் உங்கள் புத்தகத்தை வாசிப்பார்கள். ஆகவே அந்த மூன்று இரவையும் வெறும் திகிலுக்காகச் செலவழிக்காதீர்கள், வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கும் அதே அளவு பக்கம் கொடுங்கள்.

கேள்வி: வெயில் பட்டால் வாம்பயர் எரிந்து சாம்பலாக வேண்டுமா?
(வாசகர், குருநகர்)

பதில்: கட்டாயம் இல்லை. ‘டிராகுலா’ நாவலில் அவன் பகலில் தெருவில் நடக்கிறான், சக்தி குறைவு, அவ்வளவுதான். வெயில் கொல்லும் என்பது 1922இல் வந்த ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் ஊமைப்படத்தால் நிலைத்த விஷயம். ஆனால் எங்கள் வெயில் தெரியும்தானே, எரிய வைத்தால் கதைக்கு நல்ல இறுக்கம் கிடைக்கும். லண்டன் வாம்பயருக்கு மார்கழியில் 16 மணி நேர இரவு, ஆனியில் அதில் பாதிகூட இல்லை. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம்தான், கூடினாலும் குறைந்தாலும் மொத்தத்தில் ஒரு மணி நேரம் அளவில் நின்றுவிடும். கொழும்புக்கு இரவு பஸ் ஏறினால் விடியுமுன் இறங்க முடியுமா என்று அவள் ஒவ்வொரு முறையும் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். வழியில் டயர் போனால்?

கேள்வி: வாம்பயர் புதைகுழியிலிருந்து எழும்பும். சைவர்கள் எரிப்பவர்கள், எப்படி எழும்பும்?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: அருமையான கேள்வி, இதற்கு எழுதுகிறவர் முதலிலேயே பதில் வைத்திருக்க வேண்டும். இரண்டு வழி தெரிகிறது. அவள் கத்தோலிக்கப் பிள்ளை என்றால் சேமக்காலையிலிருந்து எழும்பலாம். சைவப் பிள்ளை என்றால் கோம்பயன்மணல் சுடலைக்குக் கொண்டுபோகுமுன் கண் விழித்தாக வேண்டும், வெளிநாட்டுச் சொந்தம் வரும்வரை உடலை வைத்திருக்கிற இந்தக் காலத்தில் அதற்கு நேரமும் உண்டு. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டாயிற்று, பறை வந்தாயிற்று, அவள் எழும்பிவிட்டாள். இனி கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்வதா இல்லையா?

கேள்வி: 15 வயது மகள் இந்த வகைப் புத்தகங்களையே வாசிக்கிறாள். தடுக்கலாமா?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: தடுக்க வேண்டாம். உடம்பு தன்னைக் கேட்காமல் மாறுகிறது என்ற கதை அந்த வயதுக்கு நன்றாகவே விளங்கும். ஆனால் சில புத்தகங்கள் வளர்ந்தவர்களுக்கு எழுதியவை, ஆகவே நீங்களும் ஒன்றை வாங்கி வாசியுங்கள், பிறகு அவளோடு கதையுங்கள்.

கேள்வி: வாம்பயருக்குத் தமிழில் என்ன எழுதுவது? இரத்தக்காட்டேரி சரியா?
(வாசகர், கிளிநொச்சி)

பதில்: அகராதிக்குச் சரி. ஆனால் காட்டேரி தமிழ்நாட்டில் சிலர் கும்பிடுகிற தெய்வத்தின் பெயரும்கூட, அதை வெறும் வசைச் சொல்லாக்க எனக்கு மனம் வரவில்லை. கதை சொல்லுகிற குரல் வாம்பயர் என்றே சொல்லட்டும், இளம் வாசகருக்கு அது பழகிய சொல். கதாநாயகி வாயில் முதல் 50 பக்கத்துக்கு எந்தப் பெயரும் வேண்டாம், தனக்கு என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. அம்மம்மா ஒருநாள் கிணற்றடியில் வைத்து அவள் கையைப் பிடித்துப் பார்த்து, அந்தக் குளிரை உணர்ந்து, தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு பழைய சொல்லைச் சொல்லட்டும்.